முப்பது ஜோடிக் கண்கள்

முப்பது சீட்டுகளையும் மேசையில் கொட்டி லோகநாயகி மூன்றாம் முறையாக எண்ணினாள். எண்ணிக்கை மாறப்போவதில்லை என்று அவளுக்கே தெரியும். சந்தோஷத்தை ஒரே தடவையில் முடித்துவிட மனசு வராமல் எண்ணிக்கொண்டிருந்தாள். 'இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன' என்ற கட்டத்தில் இருபத்தேழு பேர் டிக் அடித்திருந்தார்கள். 'இடது திரைதான் நன்றாக இருக்கிறது' என்று மூன்று பேர். 'வலது திரைதான்' என்று ஒருவர்கூட இல்லை. இடது திரை அவளுடையது.

இதில் துள்ளிக் குதிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இரண்டு திரையிலும் ஓடியது ஒரே படம். அரக்கு நிறப் பட்டுப் புடவையில் ஒரு பெண், முந்தானையை விரித்துப் பிடித்தபடி ஒரு பழைய அரண்மனைச் சுவர் முன்னால் நிற்பாள். வலது திரை அந்தப் படத்தைக் காட்ட முழு மின்சாரத்தையும் குடித்தது. இடது திரைக்கு அதில் நூற்றுக்கு முப்பத்தெட்டு பங்கு குறைவாகவே போதும். குடிப்பதைக் குறைத்துவிட்டுப் படத்தின் அழகைக் குறைக்காமல் இருப்பதற்காகத்தான் மூன்று வருஷமாக அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது ஜோடிக் கண்கள் பார்த்து, குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டன. குதிக்காமல் என்ன செய்வாள்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்புறச் சாலை ஒன்றில் இருக்கிறது தாரகை டிஸ்ப்ளேஸ். எழுபது பேர் வேலை செய்கிற இடம். பஸ் நிறுத்தங்களில் அடுத்த பஸ் எப்போது வரும் என்று காட்டும் திரைகள் அங்கேதான் தயாராகின்றன. நிழற்குடையின் கூரையில் சூரியத் தகடு, கீழே பேட்டரி, நடுவில் திரை. வெயில் காலத்தில் ஒரு தொல்லையும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நாள் வானம் மூட்டம் போட்டால் போதும், சாயங்காலம் ஏழு மணிக்கே திரை கறுத்துவிடும். பஸ் நேரத்தைச் சொல்ல வேண்டியது, பஸ்ஸுக்கு முன்னால் தூங்கப் போய்விடும். நனைந்துகொண்டு நிற்கிறவர்கள் திட்டுவது யாரை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

நிழற்குடைகளை எடுத்து நடத்தும் விளம்பரக் கம்பெனிக்காரர்கள் இருநூறு புதுத் திரைகள் கேட்டிருந்தார்கள். நிபந்தனை இரண்டு. மின்சாரம் நூற்றுக்குக் குறைந்தது முப்பத்தைந்து பங்கு குறைய வேண்டும், அப்போதுதான் மழைநாளிலும் கடைசி பஸ் வரைக்கும் திரை எரியும். படம் இம்மி குறையக் கூடாது, ஏனென்றால் விளம்பரம் கொடுப்பவர்கள் பட்டுப் புடவைக் கடைக்காரர்கள்.

முதலாளி லட்சுமணன் நல்ல மனிதர்தான், ஆனால் களைத்துப்போன நல்ல மனிதர். "இந்த ஆர்டர் வரலேன்னா டிசைன் செக்ஷனை மூடிட வேண்டியதுதான் லோகநாயகி. ரெடிமேட் போர்டை வெளியில வாங்கி மாட்டி அனுப்பிடலாம். உன்னைப் போகச் சொல்ல மாட்டேன். குவாலிட்டியில உக்காந்து கையெழுத்துப் போடு," என்று போன மாசமே சொல்லிவிட்டார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். நாற்பத்திரண்டு வயதில் அடுத்தவன் செய்த போர்டில் கையெழுத்துப் போட்டு உட்காருவதற்குப் பதில் வேலையை விட்டுவிட்டுப் பட்டாபிராம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கலாம் என்று லோகநாயகி நினைத்தாள். ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் அவள். 'செய்கிற வேலை' என்றால் கையில் எண்ணெய் படுவது என்று நம்புகிற வீட்டுப் பெண்.

அவள் செய்த காரியம் கேட்பதற்குச் சுலபம்தான். இந்த மாதிரித் திரையில் மின்சாரத்தைக் குடிப்பது படம் அல்ல, படத்துக்குப் பின்னால் எரிகிற விளக்கு. லைனில் அதை பேக்லைட் என்பார்கள். அந்த விளக்கைக் கொஞ்சம் தணித்துவிட்டு, தணித்த அளவுக்குப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டால் பார்க்கிறவர் கண்ணுக்குச் சரியாகிவிடும். காபித் தூளைக் குறைத்துப் போட்டு, டிகாஷனைக் கூடக் கொஞ்ச நேரம் இறங்கவிடுவது மாதிரி. ஆபத்து ஒன்று உண்டு. படத்தில் ஏற்கெனவே பளிச்சென்று இருக்கிற இடத்தில் இன்னும் வெளிச்சத்தைக் கூட்ட வழியில்லை. அங்கே எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும். அது அவளுக்கும் தெரியும். கம்ப்யூட்டர் இரண்டு படத்தையும் ஒப்பிட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மார்க் போட்டது. மனுஷக் கண் என்ன போடும் என்று பார்க்கத்தான் முப்பது பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

முப்பது பேரும் உள் ஆட்கள்தான். லைனில் திரை பூட்டும் பெண்கள் இருபது பேர், ஆபீஸில் ஆறு பேர், கேன்டீனிலிருந்து இரண்டு பேர், டிரைவர், வாட்ச்மேன் பூபாலன். எது எந்தத் திரை என்று யாருக்கும் சொல்லவில்லை. சீட்டில் பெயர் எழுதவும் வேண்டாம் என்றாள். இதைவிட நியாயமாக எப்படி ஒரு பரிட்சை வைப்பது?

செவ்வாய்க்கிழமை சீட்டை எண்ணினாள். அன்றைக்கே லட்சுமணன் 'முப்பதுக்கு இருபத்தேழு' என்று கம்பெனிக்காரர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை அவர்கள் தரப்பில் சுதா என்ற அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

புதன்கிழமை டீ நேரத்தில் லோகநாயகி ஒரு பெரிய டப்பா நிறைய ரவா லட்டோடு லைனுக்குப் போனாள். முந்தைய ராத்திரி அவளே உருட்டியது. பெண்கள் நெய் ஒட்டிய விரலைச் சப்பிக்கொண்டு சிரித்தார்கள். லைனுக்கு மூத்தவள் சபீனா. மூத்தவள் என்றால் முப்பத்தாறு வயசு, பன்னிரண்டு வருஷ வேலை, கள்ளிக்குப்பத்திலிருந்து தினம் சைக்கிளில் வருபவள். ஆறடி தள்ளி நின்று, திரையில் செத்துப்போன ஒரே ஒரு புள்ளியைக் காட்டுவாள்.

"ரொம்ப தேங்க்ஸ் சபீனா. உங்க முப்பது பேராலதான் இது," என்றாள் லோகநாயகி.

சபீனா லட்டை வாயில் அடக்கிக்கொண்டே, "இன்னா மேடம் இப்டி சொல்றீங்க? உங்களுத விட்டுக் குடுத்துருவமா நாங்க?" என்றாள்.

லோகநாயகிக்கு ஒரு கணம் புரியவில்லை. "என்னுதா? எது என்னுதுன்னு உங்களுக்குத் தெரியாதே."

அவ்வளவுதான், லைன் முழுக்கச் சிரிப்பு. பக்கத்து மேசை சரசா, "மேடம் கொயந்தையாட்டம் பேசுறாங்கோ," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சபீனா கையைத் துடைத்துவிட்டு, மேசையில் கிடந்த ஒரு திரையின் முதுகில் புறங்கையை வைத்துக் காட்டினாள்.

"எரிய வுட்டு டெஸ்ட் பண்ற சூட்டு ரூம்லேந்து பேனல் வந்தா நாங்க இப்டிதானே பாக்குறோம்? கை பொறுக்காத சூடு இருந்தா ரிஜெக்ட். ரூமுக்குள்ள வரும்போது ரெண்டு ஸ்கிரீனு முதுகும்தானே மொதல்ல வருது. கை அதுபாட்டுக்குப் போவுது மேடம். ஒண்ணு சுட்டுக்கினு கீது, ஒண்ணு ஜில்லுனு கீது. கரன்ட்டு கம்மியா குடிக்கிறது எதுன்னு இதுகூடத் தெரியாதா? அதான் உள்ள போறவங்களுக்கெல்லாம் லெப்டு மேடமோடதுன்னு சொல்லியனுப்புனேன்."

அறையின் கதவு திரைகளுக்குப் பின்பக்கம் இருப்பதைப் பரிட்சை முழுக்கப் பார்த்தவள் லோகநாயகிதான். சீட்டில் பெயர் வேண்டாம், பேசக் கூடாது, பக்கத்து ஆளைப் பார்க்கக் கூடாது என்று நூறு நிபந்தனை போட்டவளுக்கு, லைன் பெண்களுக்குப் பன்னிரண்டு வருஷமாகப் புறங்கையில் ஒரு கண் இருக்கிறது என்பது தோன்றவில்லை.

"சரி," என்றாள் குரலை அடக்கிக்கொண்டு. "தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க பார்த்தப்ப ரெண்டும் ஒண்ணாத்தானே இருந்தது?"

ஒருத்தி லட்டை உருட்டினாள். சரசா மேசையின் ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்தாள், அது கையிலேயே இருந்தது.

"சபீனா."

"நல்லாத்தான் மேடம் இருந்திச்சு," என்றாள் சபீனா தரையைப் பார்த்து. "முந்தானைல மட்டும்... சரிகைல மாங்கா மாங்காயா போட்டுருக்கும்ல? அந்தப் பக்கத்து ஸ்கிரீன்ல ஒவ்வொரு மாங்காயும் தனியா தெரிஞ்சிது. உங்களுதுல தகடு அடிச்சாப்ல ஒரே மஞ்சளா ஆயிப்போச்சு. அவ்ளோதான். பெரிசா ஒண்ணும் இல்ல."

பட்டுப் புடவை விளம்பரத்தில் முந்தானைச் சரிகை பெரிசா ஒன்றும் இல்லையாம்! லோகநாயகி திரும்பிப் பரிட்சை அறைக்குப் போனாள். இடது திரைக்கு அரையடி தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷமாகப் பார்த்த படம். சபீனா சொன்ன பிறகு பார்த்தால் மாங்காய் ஒன்றுகூட இல்லை. அவள் தினமும் பார்த்தது மீட்டரை; கம்ப்யூட்டர் போட்ட மார்க்கை. புடவையைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இருபத்தேழு பேரும் சேர்ந்து தன் காதில் பூச்சுற்றிவிட்டார்களே என்று ஒரு பக்கம். அத்தனை பேரும் தனக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்களே என்று இன்னொரு பக்கம். இரண்டில் எதற்கு அழுவது என்று தெரியாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு லட்சுமணன் அறைக்குப் போனாள்.

யார் பெயரையும் எடுக்காமல் அவள் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மெயில் போயாச்சும்மா."

"தெரியும் சார். ஆனா அந்த நம்பர் நம்பர் இல்ல."

"பஸ் ஸ்டாப்புல நிக்கிறவன் மாங்காயையா எண்ணப்போறான்? உனக்கே மூணு வருஷமா தெரியலியே. வர்ற அம்மாவுக்கு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடுமா? விடு." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எழுபது பேர் இருக்காங்க லோகநாயகி. நான் உனக்காக மட்டும் சொல்லல."

வியாழன் முழுவதும் சரிகையைக் காப்பாற்றப் போராடினாள். மாங்காய் தெரிகிற அளவுக்குப் பின்விளக்கை ஏற்றினால் மின்சார மிச்சம் நூற்றுக்கு இருபத்திரண்டாக இறங்கியது. முப்பத்தைந்துக்கு இழுத்தால் மாங்காய் போனது. சாயங்காலம் வரை இதே ஏற்ற இறக்கம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பழைய முப்பத்தெட்டையே திரையில் விட்டுவிட்டு ரயிலைப் பிடித்தாள். லட்சுமணன் சொன்னபடி விட்டுவிடுவது என்று ஆவடி தாண்டும்போது முடிவு செய்தாள். அந்த முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு சுதா வந்தாள். சுறுசுறுப்பான பெண், பையில் ஒரு லேப்டாப், கையில் ஒரு போன், இரண்டிலும் ஒரே நேரத்தில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். மீட்டரைப் பார்த்தாள். முப்பத்தெட்டு. புருவத்தை உயர்த்தினாள். திரைகளை மாறி மாறி நான்கு தடவை பார்த்தாள்.

"சூப்பர் சார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. திங்கட்கிழமை ஆர்டர் லெட்டர் அனுப்பிடறேன்."

லட்சுமணனின் முகம் பத்து வயசு குறைந்தது. லோகநாயகி புன்னகை மாதிரி ஒன்றைச் செய்தாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் சுதா. "எங்க ஆபீஸ்ல காட்ட ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கறேன். அந்த முப்பது பேர்ல யாராவது ஒருத்தர் கேமரா முன்னால ரெண்டு வார்த்தை பேசினா போதும்."

லட்சுமணன் உடனே வாசலை எட்டிப் பார்த்து, "சபீனாவைக் கூப்பிடுங்க," என்றார். நன்றாகப் பேசுகிறவள் அவள்தான். புதன்கிழமை மாங்காயைப் பற்றிச் சொன்னதும் அவள்தான் என்பது அவருக்குத் தெரியாது.

சபீனா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வந்து இரண்டு திரைகளுக்கும் நடுவில் நின்றாள். சுதா போனை நீட்டி, "பார்த்துட்டு உங்களுக்குத் தோணினதைச் சொல்லுங்க," என்றாள்.

சபீனா திரையைப் பார்க்கவில்லை. லோகநாயகியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி, "ரெண்டும் ஒண்ணுதாங்க. ஒரு வித்தியாசமும் இல்லீங்க," என்றாள்.

லோகநாயகிக்குச் சுருக்கென்றது. செத்த புள்ளியை ஆறடியிலிருந்து காட்டுகிற கண். அந்தக் கண்ணை நம்பித்தான் பன்னிரண்டு வருஷமாக இந்தக் கம்பெனியிலிருந்து திரைகள் வெளியே போகின்றன. அது இப்போது கேமரா முன்னால் நின்று பொய் சொல்கிறது, அதுவும் ஒரு டப்பா லட்டு செய்து கொடுத்தவளுக்காக. ஆர்டர் போனால் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. அந்த ஆர்டரை அவள் ரொம்பவும் விரும்பினாள். ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"சபீனா, எனக்காகச் சொல்லாதே. நீ பார்த்ததைச் சொல்லு."

லட்சுமணன் இருமினார். சபீனா திருதிருவென்று விழித்தாள்.

"மேடம்..."

"சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன்."

சபீனா மூச்சை இழுத்து விட்டாள். பிறகு திரும்பி, முந்தானை இருந்த இடத்தில் விரலை வைத்தாள். "இதுல மாங்கா கீது. இதுல இல்ல," என்றாள். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள்.

சுதா போனை இறக்கினாள். அருகில் வந்து குனிந்தாள். வலது, இடது, மறுபடி வலது. "அட, ஆமா," என்றாள் மெதுவாக. "கடைக்காரங்க மொதல்ல இதைத்தான் பார்ப்பாங்க." லோகநாயகி பக்கம் திரும்பினாள். "மாங்காய் தெரியற மாதிரி வச்சா எவ்வளவு மிச்சம்?"

"இருபத்திரண்டு."

"மழைநாள்ல எத்தனை மணி வரைக்கும் வரும்?"

"ஒன்பதே கால்."

"எங்க ஸ்டாப்புல கடைசி பஸ் பத்து அம்பது." சுதா லேப்டாப்பைப் பைக்குள் வைத்தாள். அவள் கோபப்படவில்லை, அதுவே இன்னும் கஷ்டமாக இருந்தது. "பத்து நாள் பொறுக்கிறேன் மேடம். அதுக்குள்ள முப்பத்தஞ்சும் மாங்காயும் சேர்ந்து வந்தா கூப்பிடுங்க. இல்லேன்னா அடுத்த ஆளைப் பார்க்க வேண்டியதுதான். அப்புறம், அந்த இருபத்தேழு... அதைப் பத்தி நான் கேக்கல."

அவள் கார் கிளம்பியதும் லட்சுமணன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் லோகநாயகிக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

சபீனாவின் முகத்தில் ஈயாடவில்லை. "நானே உங்க பொயப்ப கெடுத்துட்டேன் மேடம்," என்றாள்.

"நீ கெடுக்கல. மாங்காயைத் தின்னது நான்," என்றாள் லோகநாயகி. நாற்காலியில் உட்கார்ந்தாள். "வேற என்னெல்லாம் தெரிஞ்சுது உனக்கு? இப்பவாவது சொல்லித் தொலை."

"வேறன்னா..." சபீனா தயங்கினாள். "தலைல மல்லிப்பூ. மொக்கு மொக்கா தெரியாம பஞ்சாட்டம் கீது."

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சரசா உள்ளே வந்தாள். "மூக்குத்திக் கல்லு மேடம். அந்தப் பக்கம் மின்னுது, இங்க வெள்ளப் பொட்டு வச்சாப்ல." அவள் பின்னாலேயே இன்னும் நான்கு பேர். அணைத்துப் போடும்போது படம் ஒரு வாட்டி கண்ணைச் சிமிட்டுகிறது என்றாள் ஒருத்தி. வளையல் ஆறா, ஒரே பட்டையா என்று தெரியவில்லை என்றாள் இன்னொருத்தி. லோகநாயகி நோட்டை எடுத்து எழுதினாள். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் போனது. பதினேழு குறைகள். மூன்று வருஷத்தில் கம்ப்யூட்டர் அவளுக்கு இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

"இத்தனையும் பார்த்துட்டா சும்மா இருந்தீங்க?" என்று கத்தினாள். கோபமா, ஆதங்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணா கீதா இல்லியான்னுதானே மேடம் கேட்டீங்க," என்றாள் சரசா. "இன்னா பாத்தேன்னு யாரு கேட்டா?"

லோகநாயகி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சபீனா அதற்குள் பயம் தெளிந்து திரையின் மேல் பாதியைக் காட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் புரில மேடம். அந்தப் பொண்ணு பின்னால இம்மாம் பெரிய செவுரு கீதே, அத யாரு பாக்குறா? அதுக்கும் பொடவைக்கும் ஒரே வெளிச்சம் எதுக்கு? செவுத்துக்குப் போறதக் கொஞ்சம் பொடவைக்குக் குடுத்தா ஆவாதா?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பின்விளக்கு பன்னிரண்டு பட்டைகளாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தணிக்கலாம். முதல் வருஷம் அப்படிச் செய்துதான் பார்த்தாள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கோடு விழுந்தது. லட்சுமணன் 'இதென்ன விபூதிப் பட்டையா' என்று கேட்டார். மானம் போய், பன்னிரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டாள். அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. சுவர் மங்கல் நிறம். பளிச்சென்ற இடம் அதில் எதுவும் இல்லை. அங்கே விளக்கைப் பாதிக்குக் கீழே தணித்து, படத்தைக் கூட்டினாலும் ஒன்றும் வெளுக்காது. சரிகை இருக்கிற பட்டைகளுக்கு முழு விளக்கையும் கொடுத்துவிடலாம். கோடு விழாமல் பட்டைகளை ஒன்றோடொன்று கலக்க வேண்டும், அது வேலைதான். ஆனால் வேலை, அவ்வளவுதான்.

"சபீனா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள் லோகநாயகி.

"இன்னும் இல்ல மேடம்."

"நானும் இல்ல. சாப்பிட்டு வந்து இங்கயே உக்காரு. கோடு தெரிஞ்சா சொல்லு. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. என் மூஞ்சியைப் பார்க்காதே."

ஒன்பது நாள் சபீனா அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. 'கோடு கீது' என்பாள். லோகநாயகி அரை நாள் வேலை செய்து அதை அழிப்பாள். 'இப்ப இங்க நவுந்துகினு போச்சு' என்பாள். லைனில் அவளுடைய வேலையைச் சரசா பார்த்துக்கொண்டாள். லட்சுமணன் இரண்டு முறை கதவருகே வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் போனார். ஒன்பதாம் நாள் மதியம் சபீனா திரையை நேரே, பக்கவாட்டில், உட்கார்ந்து, நின்று, கண்ணை இடுக்கி எல்லாம் பார்த்துவிட்டு, "கண்டுபுடிக்க முடில மேடம்," என்றாள் வருத்தமாக. தோற்றுப்போன வருத்தம். மீட்டர் முப்பத்தாறு காட்டியது.

பத்தாம் நாள் மறுபடியும் முப்பது பேர். இந்தத் தடவை இரண்டு திரையையும் ஒரே மாதிரி மரப்பெட்டிக்குள் வைத்து முதுகை மூடினாள்; ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள், தணித்த விளக்கு இடதிலா வலதிலா என்பதை ஒரு பட்டன் மாற்றியது. அந்தக் கணக்கு லோகநாயகியின் நோட்டுக்குள் மட்டும் இருந்தது. ஒப்பிட்டுச் சொல்வதோடு நிற்காமல், 'என்ன பார்த்தீர்கள்' என்று எழுத நான்கு வரி இடமும் விட்டிருந்தாள். சீட்டுகளை எண்ணும்போது சுதாவும் லட்சுமணனும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றுபோல் இருக்கின்றன என்றவர்கள் பதினான்கு பேர். லோகநாயகியுடையது மேல் என்றவர்கள் ஒன்பது பேர். பழைய திரைதான் மேல் என்றவர்கள் ஏழு பேர்.

லட்சுமணன் முகம் சுண்டியது. "போன தடவை உனக்கு எதிரா ஒருத்தர்கூட இல்லியேம்மா. இப்ப ஏழு பேரா?"

சுதா சீட்டுகளை வாங்கி, கீழே எழுதியிருந்த வரிகளைப் படித்தாள். மாங்காய் இல்லை என்று ஒருவரும் எழுதவில்லை. மல்லியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. மேல் என்றவர்களும் கீழ் என்றவர்களும் 'சும்மா தோணிச்சு', 'அதான் புடிச்சிருந்திச்சு' என்றுதான் எழுதியிருந்தார்கள். அவள் எழுந்து போய்த் தானும் பத்து நிமிஷம் பெட்டிகளின் முன்னால் நின்றாள். பிறகு வந்து, "சார், ஒன்பது பேர் இப்படி, ஏழு பேர் அப்படின்னா ரெண்டும் ஒண்ணுன்னு அர்த்தம். இதைத்தான் நான் கேட்டேன். ஆர்டர் நாளைக்கே வரும்," என்றாள். லட்சுமணன் நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சபீனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட் வரைக்கும் போனவள், நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாள். லோகநாயகி அறையைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அந்த ஏழுல ஒண்ணு என்னுது."

லோகநாயகி நிமிர்ந்து பார்த்தாள். "எது என்னுதுன்னு தெரிஞ்சுதா?"

"தெரில மேடம், அல்லா மேல ஆணையா. எவ்ளோ பாத்தும் தெரில. ரெண்டுல எனக்கு அது கொஞ்சம் புடிச்சிது, டிக் போட்டுட்டேன். இப்ப மேசைல பழசுக்குப் போட்ட ஏழு சீட்டையும் பாத்தேன், ஒண்ணுல என் கையெழுத்து கீது." சபீனாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "ஒம்போது நாளு உங்க கூடவே குந்திகினு இருந்துட்டு, உங்களுக்கே எதிரா போட்டுட்டேனே. கோச்சிக்காதீங்க."

லோகநாயகி பூட்டை அப்படியே விட்டுவிட்டு அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"போடி இவளே," என்றாள். "நீ எனக்கு எதிரா போட்டதாலதான் அந்த ஒன்பது பேர் போட்டதை நான் நம்பறேன்."